துரு உட்காரும் இடம்

கடையநல்லூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கவனித்தேன், வலது கையில் உப்புத்தாள் இருந்தது. நாலாக மடித்த ஒரு துண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அதைக் கீழே போட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். விரல்கள் அதைப் பிடித்த பிடியிலேயே மடங்கிப்போயிருந்தன.

தென்காசியிலிருந்து வடக்கே போகப்போக சாரல் மெலிந்துவிடும். இங்கே ரோடு காய்ந்து கிடந்தது. என் சட்டை மட்டும் நனைந்திருந்தது. எனக்குப் பதினாலு வயது. மதுரை ரோட்டில் போகிறேன் என்று தெரியும், எந்த ஊருக்கு என்று தெரியாது. தாளை வேலிப்பக்கம் எறிந்துவிட்டு நடந்தேன்.

அந்த வருடத்துக் குற்றால சீசனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த வண்டி ஞாபகம் இருக்கும். ஜப்பான்காரன் கூட்டுச் சேர்ந்து இங்கே இறக்கிய ஆரம்பகாலத்து வண்டி, நூறு சிசி. பெட்ரோலோடு ஆயிலும் எரிகிற அந்த நீலப் புகையும் வாசமும். தெருமுனையில் சத்தம் கேட்டாலே யார் வீட்டுக்கு வருகிறது என்று நாமெல்லாம் எட்டிப் பார்ப்போம். இப்போது பையன்கள் அதைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். வீட்டிலேயே பிரித்துப் போட்டு, புதுசாக்கி, போனில் படம் போடுகிறார்கள். போன மாதம் டீக்கடையில் ஒருவன் தன் வண்டியைக் காட்டினான். நல்ல வேலைதான். நான் குனிந்து முதலில் பார்த்தது ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற கழுத்தை. "என்னண்ணே, அங்க என்ன பாக்குறீங்க?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

அப்பா பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர். அவருடைய பெல்ட் பக்கிள் அலமாரியில் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி இருந்தது. அதில் முத்திரையும் எழுத்தும் இருந்ததாம். தினமும் பாலீஷ் போட்டுத் தேய்த்ததில், நான் பார்க்கிற காலத்தில் அது வெறும் பித்தளைத் தகடு. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

"எழுத்து தெரிஞ்சா அவன் நேத்து வந்த ரெக்ரூட்டு. என் பக்கிள்ல எழுத்தைத் தேடிக் கண்டுபிடி பாப்போம்."

அந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் வீடுகளில் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

அக்காவுக்கு அந்த ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை இலத்தூர்க்காரர். போலீசில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நிச்சயத்தன்று அவருடைய அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், "பையன் டூட்டிக்குப் போக வர ஒரு வண்டி மட்டும் பண்ணிக் குடுங்க. வேற எதுவும் நாங்க வாய்விட்டுக் கேக்கல." அம்மா தவணையில் புது மொபெட் எடுக்கலாம் என்றாள். அப்பாவுக்கு மொபெட் என்றால் தகர டப்பா. போலீஸ் ஸ்டேஷனில் பழைய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், மத்தியானம் ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு டயரிலும் காற்று இல்லை. ஹெட்லைட்டுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பின்சக்கரத்தில் ஏதோ கொடி சுற்றிக் காய்ந்திருந்தது.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "ஏன்ப்பா, காயலாங்கடைக்குப் போற வழியில இது நம்ம வீட்டுல எறங்கிட்டா?"

"ஏட்டி, இது ஜப்பான். எலும்பு நல்லாருக்கு. தோல்தான் போயிருக்கு."

"அந்தத் தோல ஆவணிக்குள்ள மாட்டிருவியளா?"

"ஆடி முடியதுக்குள்ள மாட்டுதேன். பாரு."

வீட்டுக்குப் பின்னால் விறகும் தென்னமட்டையும் போட்டிருந்த கொட்டகையை ஒழித்தோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ், மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. அந்தத் திறப்பில் சாக்கைத் தைத்துப் படுதாவாகத் தொங்கவிட்டோம். குற்றாலத்துச் சாரல் மேலிருந்து விழுகிற மழை இல்லை. காற்றோடு பக்கவாட்டில் வரும். சாக்கு எப்போதும் ஈரமாகவே இருந்தது. கொட்டகைக்குள் மண்ணெண்ணெயும் ஈரச்சாக்கும் கலந்த ஒரு வாசம். இன்றைக்கும் நனைந்த சாக்கைக் கண்டால் எனக்கு நாக்கில் மண்ணெண்ணெய் கரிக்கிறது.

செங்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்ஜினைக் கழட்டி என் கடைக்குக் கொண்டு போயிருதேன். பிஸ்டன் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"நீ இன்ஜின மட்டும் பாரு. துரு என் வேலை."

"சரி, அது ஒங்க பாடு" என்று இன்ஜினை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். மற்ற பாகங்களை அதற்குப் பிறகு நாங்கள் பிரித்துப் போட்டதை அவர் பார்க்கவே இல்லை. அதை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

பள்ளிக்கூடத்துக்கு நான் போன நாட்களைவிடப் போகாத நாட்கள் அதிகம். ஸ்போக்குகளும் ரிம்மும் எனக்கு. மட்கார்டும் டேங்கும் அக்காவுக்கு. அதோடு சீட்டுக்கு ரெக்சின் வெட்டித் தைப்பதும் அவள்தான். பாவாடை தைக்கிற மிஷினில் ரெக்சினை ஓட்டினால் ஊசி ஒடியும். ஒடிந்த ஊசிகளை ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் விரல்நுனியிலும் தோல் இல்லை. சாப்பிடும்போது குழம்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அம்மா எங்களுக்கு ஸ்பூன் எடுத்து வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "துரைமாரு" என்றார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்ஷன். அப்பா வெள்ளைத் துணியை விரலில் சுற்றி நாங்கள் தேய்த்த இடத்தில் இழுப்பார். துணியில் பழுப்புக் கோடு விழும்.

"இது என்ன?"

"துரு."

"எங்க இருந்தது?"

"ஸ்போக் முனைல."

"எதுக்கு அதை அங்கன விட்டு வச்சிருக்க? வளக்கியா?"

மறுபடியும் முதலிலிருந்து.

ஒருநாள் அக்கா மண்ணெண்ணெய்த் துணியால் வண்டியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹேண்டில்பார் கழற்றியாகிவிட்டது. கழுத்துக்குழாய் மட்டும் நின்றது.

"அப்பா, இங்கன என்னமோ எழுத்தும் நம்பரும் வெட்டியிருக்கு."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். துருப்பிடித்த குழாயில் எழுத்துகள் பள்ளமாக, உள்ளே செம்மண் அடைத்த மாதிரி இருந்தன. நகத்தால் சுரண்டினார்.

"கம்பெனிக்காரன் அடிச்சிருக்கான். எழுத்துக்குள்ளதான் துரு உக்காரும். வெளிய எவ்வளவு தேச்சாலும் உள்ள இருந்து திரும்பி வரும்."

எங்களிடம் கொடுக்கவில்லை. அரத்தை எடுத்து அவரே உட்கார்ந்தார். கீழே கோணியை விரித்து, பட்டாளத்து டவுசரோடு, அன்று முழுவதும் அதே இடம். அரம், அதன் பிறகு முரட்டு உப்புத்தாள், அதன் பிறகு நைசு. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மேலே பட்டி பூசிக் காயவைத்துத் திரும்பத் தேய்த்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "எப்படி இருக்கு?"

கோழிமுட்டை மாதிரி இருந்தது. அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். அந்த சீசனில் அவர் என் கையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

மாப்பிள்ளைக்கு குற்றாலத்தில் சீசன் டூட்டி. மெயினருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி விசிலடிக்கிற வேலை. டூட்டி முடிந்து ஈர யூனிஃபார்மோடு வருவார், வண்டி எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க. வண்டியைப் பார்க்க மட்டும் அவர் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். என்னை மச்சான் என்பார். நான் அவரை அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

அக்கா வெளியே வரமாட்டாள். அடுக்களை ஜன்னலிலிருந்து என்னிடம் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவாள். "ஏலே, அவியகிட்ட கேளு, விசில் அடிச்சா அருவி நிக்குமான்னு."

"அருவி நிக்காது மச்சான், ஆளு நிப்பாங்கன்னு சொல்லு. ஒங்க அக்கா வந்தா தனி வரிசை போட்டுக் குடுக்கேன்னும் சொல்லு."

"தனி வரிசைல போயி நனைஞ்சா தண்ணி வேற மாதிரி விழுமாக்கும்?"

அப்பா இருமுவார். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கும். அத்தான் டேங்கைத் தடவிக்கொண்டு தனக்குள் சிரிப்பார்.

பெயின்ட் அடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சாரல் காற்றில் பெயின்ட் காய்வதற்குள் மேலே பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். முதல் தடவை வெளுத்தது. தேய்த்து எடுத்தோம். இரண்டாம் தடவை அப்பா கொட்டகைக்குள் கரியடுப்புகளைப் பற்றவைத்து ஈரத்தை விரட்டப் பார்த்தார். பக்கத்திலேயே பெயின்டில் கலக்குகிற தின்னர் டப்பா. அம்மா ஓடிவந்து அடுப்புகளில் தண்ணீரைக் கொட்டினாள்.

"கல்யாணப் பந்தல் போடுததுக்கு முன்னால எங்களுக்குப் பாடை கட்டணுமா ஒங்களுக்கு? ஒரு மொபெட்டு வாங்க வக்கில்லாம..."

அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புகையும் சாம்பலும் ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொண்டன. அதையும் தேய்த்தோம். ஒவ்வொரு தடவையும் கழுத்தை அவர் தனியாகத் தேய்த்தார். மூன்றாம் தடவை சாரல் விட்டு வெயில் அடித்தது. வண்டி பழுத்த மிளகாய் நிறத்தில் நின்றது. மெக்கானிக் இன்ஜினைக் கொண்டுவந்து மாட்டினார். சிலிண்டரில் 'ஜப்பான்' என்று இங்கிலீஷில் வார்த்திருந்த எழுத்தை மட்டும் அப்பா தேய்க்காமல் விட்டிருந்தார். சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்று.

நானும் அப்பாவும் ஐந்தருவி வரைக்கும் போனோம். அன்று அத்தானுக்கு அங்கே டூட்டி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள், பழக்கடைக்காரர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டியைவிட்டு இறங்கி, அப்பாவுக்கு விறைப்பாக சல்யூட் வைத்தார். விளையாட்டுக்குத்தான். அப்பாவின் கை தன்னால் மேலே போய்விட்டது.

"மாமா, கண்ணாடி மாதிரில்லா இருக்கு."

"ஒரு புள்ளி துரு காட்டு பாப்போம்."

திரும்பி வரும்போது அப்பா ஏதோ முனகிக்கொண்டு வந்தார். பாட்டாக இருக்கலாம். சத்தத்தில் கேட்கவில்லை.

பேர் மாற்றுவதற்காக வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குக் கொண்டுபோனோம். அத்தான் லீவு போட்டு வந்திருந்தார். புரோக்கர் ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கழுத்துப் பக்கம் குத்தவைத்தார். உங்களுக்குத் தெரியும். காகிதத்தை அங்கே வெட்டியிருக்கிற நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் உரசினால் நம்பர் காகிதத்தில் விழும். அவர் உரசினார். காகிதம் முழுக்கக் கறுப்பாக வந்தது. இடம் மாற்றி உரசினார். கட்டைவிரலால் தடவினார்.

"அண்ணாச்சி, சேஸிஸ் நம்பர் எங்க?"

அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. "அங்கன எல்லாம் சுத்தமாத் தேச்சு எடுத்தாச்சு. ஒரு புள்ளி துரு கிடையாது" என்றார். பாராட்டை எதிர்பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

புரோக்கர் அத்தானைப் பார்த்தார். அத்தானின் கை அதுவரை ஹேண்டில்பாரில் இருந்தது. அதை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் போய் நின்றார்.

அவ்வளவு அருமையாக வண்டியைப் பிரித்துச் சேர்த்த அப்பாவுக்கு, வண்டி நம்பர் என்றால் முன்னும் பின்னும் பலகையில் எழுதுவது மட்டும்தான். பட்டாளத்தில் ஸ்டோரில் இருந்தவர். சொந்தமாக வண்டி வைத்திருந்ததில்லை. கழுத்தில் நம்பர் அழிந்த வண்டி திருட்டு வண்டி என்பது எந்தப் போலீஸ்காரருக்கும் தெரிகிற விஷயம். அத்தானுக்கு அது உடனே உறைத்துவிட்டது.

ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். அப்பா ஏலத்தில் எடுத்த காகிதத்தைக் காட்டினார். "இதுல நம்பர் இருக்கு பெரியவரே, வண்டில இல்லையே. அது இதுதான்னு நான் எப்படி எழுதுவேன்?" இன்ஜின் நம்பர் இருக்கிறதே என்றார் அப்பா. இன்ஜினை எந்த வண்டியில் வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம் என்றார் அவர். கோபமாகப் பேசவில்லை. வெளியே விட முடியாது, ஸ்டேஷனில் ஒப்படைக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அத்தான் அப்பாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாமா, நான் இன்னைக்கு இங்கன வந்தேன்னு எங்கயும் சொல்லிராதீய. என் வேலை போயிரும்." சொல்லிவிட்டு மைதானத்தின் பின்வாசல் வழியாகப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்ததில்லை.

ஏலம் விட்ட அதே ஸ்டேஷனுக்குத்தான் வண்டி போனது. அதே வாகைமரத்தடி. இங்கிருந்துதான் எடுத்தேன், உங்களுக்கு ஞாபகம் இல்லையா என்று அப்பா கேட்டார். அங்கிருந்த ஏட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நாங்க வித்தது துருப்பிடிச்ச வண்டில்லா அண்ணாச்சி. இது புது வண்டி." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாங்கள் வைத்துக் கொடுத்த சேலையையும் தட்டையும் இலத்தூரிலிருந்து ஒரு பெரியவரிடம் கொடுத்தனுப்பினார்கள். "பையன் வேலைக்கு உலை வைக்கிற வீடு நமக்கு வேண்டாம்னுட்டாவ" என்றார் அவர். காப்பி குடிக்காமல் போனார். அக்கா அந்தச் சேலையைக் கொண்டுபோய் மிஷின் மேல் வைத்தாள். அழவில்லை. மூடியில் கிடந்த ஒடிந்த ஊசிகளை எடுத்துக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் போட்டாள்.

அப்பா ஸ்டேஷனுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். யார் கையையும் பிடிக்கமாட்டார், யாரிடமும் கெஞ்சமாட்டார். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடுவார். வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு உப்புத்தாளைக் கொடுத்தார். கொட்டகையைக் காட்டினார். அதன் ஓரத்தில் பழைய இரும்புக் கேட் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. எந்த வாசலுக்கும் ஆகாத கேட்.

"துருவ எடு. சாயங்காலம் பாப்பேன்."

"எதுக்குப்பா?" என்றேன்.

அவர் வெள்ளைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போனார். நான் ஒரு கம்பி முடித்தேன். அடுத்த கம்பியில் கை வைத்தபோது அடுக்களை ஜன்னலைப் பார்த்தேன். அக்கா அங்கே நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து பின்பக்கமாக நடந்தேன்.

அதன் பிறகு பல ஊர், பல வேலை. ஓசூர்ப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் இருந்தபோது நம்பர் அழித்த லாரி ஒன்று பிடிபட்டது. சோதனை செய்ய ஒருவர் வந்தார். சேஸிஸில் அழித்த இடத்தைப் பளபளவென்று துடைத்துவிட்டு ஏதோ ஆசிட்டைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் தடவினார். கொஞ்ச நேரத்தில் இரும்பிலிருந்து எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம்பர் அடிக்கிற அடி மேலோடு நிற்காதாம், இரும்புக்குள்ளே இறங்கியிருக்குமாம். மேலே தேய்த்தாலும் உள்ளே இருக்குமாம்.

ஊருக்குப் போனபோது அக்காவிடம் சொன்னேன். அவள் ஆலங்குளம் ரோட்டில் ஒரு அறை எடுத்து பைக்குகளுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போதும் அந்த வேலைதான். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அப்ப அந்த நம்பர் அங்கனயேதான் இருந்திருக்கா?"

"இருந்திருக்கும்."

"யாராச்சும் கேட்டிருந்தா எடுத்திருப்பாவளா?"

"எடுத்திருக்கலாம்."

நூலை வாயில் கடித்து அறுத்தாள். "அப்பாகிட்ட சொல்லிராத என்ன. பெஞ்சுல உக்காந்ததே போதும்." அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். நான் சொல்லவில்லை. வண்டியை அவர் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் படுப்பதற்கு முந்தின வருடம் வரை அந்த ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் பென்ஷன் வாங்கப் போனார். வாகைமரத்தடியிலேயே நின்ற வண்டி மேல் ஒவ்வொரு சீசனுக்கும் சாரல் அடித்தது. சிவப்புப் பெயின்ட் உப்பி, தோல் தோலாக உரிந்தது. நானும் போய்ப் பார்த்தேன். சீட்டில் அக்கா போட்ட தையல் மட்டும் பிரியாமல் இருந்தது.

வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு சொக்கம்பட்டி பக்கம் ஒரு காலி லாரி நின்று என்னை ஏற்றிக்கொண்டது. புளியங்குடியில் இறக்கிவிட்டார்கள். எலுமிச்சை மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருந்த காலிச் சாக்குகள் மேல் படுத்தேன். காலையில் கமிஷன் கடைக்காரர் ஒருவர் காலால் தட்டி எழுப்பினார். எந்த ஊர் என்று கேட்டார். வாயில் வந்த ஒரு ஊரைச் சொன்னேன். "பழம் பொறுக்குவியாலே? பெருசு தனி, பொடிசு தனி, அழுகல் தனி." சரி என்றேன்.

தரையில் கொட்டியிருந்த குவியல் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கை அள்ளுவதற்குள் விரல்நுனியெல்லாம் தீப்பட்ட மாதிரி எரிந்தது. நசுங்கின பழத்தின் சாறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பிளை என் கையைப் பார்த்துவிட்டு, "எரியத்தான் செய்யும். நாலு நாள்ல மரத்துரும்" என்றாள்.

தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த பழம் ஒன்று வந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். போகவில்லை. சட்டையில் வைத்து அழுத்தித் தேய்த்தேன்.

"ஏலே, என்ன செய்யுத?" என்றார் கடைக்காரர். "புள்ளியத் தேச்சா போவுமா? பழந்தான் நாசமாவும். அதை அப்படியே அந்தக் கூடையில போடு."

போட்டேன். அடுத்ததை எடுத்தேன்.